பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன சர்வர்

மகனே,

உன் மெயில் கிடைத்தது. "அம்மா, கொச்சியில புது செட்டப். எல்லாம் சொந்த சர்வர். மெயிலுக்கு எந்த சாஃப்ட்வேர் போடலாம்? சீக்கிரம் சொல்லு." ஓணத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியவன், பொங்கலும் கழிந்த பிறகு எனக்கு அனுப்பிய முதல் வார்த்தைகள் இவை. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. கேட்டிருந்தால் அடுத்த வரியில் என்ன கேட்கப் போகிறாய் என்றுதான் தேடியிருப்பேன். நேராக வேலைக்கு வந்தாய். நானும் வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் நீ எதிர்பார்க்கிற நீளத்தில் இருக்காது.

உனக்கு மட்டும் அனுப்பினால் முதல் பத்தியோடு மூடிவிடுவாய். அதனால் இதை நம் ஊர்த் தமிழர்கள் நடத்தும் மாத இதழுக்குக் கொடுக்கிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. கரமனையிலும் சாலை பஜாரிலும் நம்மைத் தெரிந்தவர்களுக்கு இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் விளங்கிவிடும். விளங்கட்டும். இப்போது சித்தப்பா பார்த்துக்கொள்கிற நம் கடை மேசையில் இந்த இதழ் எப்போதும் கிடக்கும், சரக்கு எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் எடுத்துப் படிப்பார்கள். இதில் வருகிற பெண்ணிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிப் போட்டால் போதும் என்றாள். அதனால் அவளைச் சுகந்தி என்றும், அவள் அப்பாவைத் தங்கராசு என்றும் எழுதுகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

மெயில் சர்வர் என்பது உனக்குத் தொழில். எனக்கு அது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு கல்லூரியின் மெயிலைப் பார்த்துக்கொண்டவள் நான். பள்ளி விடுமுறையில் உன்னை எங்கே விடுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் சென்டருக்கே கூட்டிப் போவேன். ஏசி குளிரில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, திரையில் ஓடுகிற வரிகளை நீ வாய்விட்டுப் படிப்பாய். ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் பேசுவது உனக்கு வேடிக்கையாக இருந்தது. முதலில் வணக்கம் சொல்லும், யாரிடமிருந்து என்று சொல்லும், யாருக்கு என்று சொல்லும், கடிதத்தைக் கொடுக்கும். எதிர்ப்பக்கம் கடைசியில் "சரி, பெற்றுக்கொண்டேன்" என்று சொன்னால்தான் அனுப்பியவர் தன் பிரதியைக் கீழே போடலாம். அன்று உனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டேன் என்று ஒரு சர்வர் சொல்லிவிட்டால் அந்தக் கடிதம் அதன் பொறுப்பு. சேர வேண்டியவரிடம் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் முடியவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

பிறகு நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம், சாலை பஜாரில் அப்பாவின் குழாய்க் கடைக்குச் சொந்தமாக மெயில் வைக்க வேண்டும் என்று நின்றாய். அன்றும் இதே கேள்விதான் வந்தது, எந்த சாஃப்ட்வேர். நான் தனித்தனியாக எடுத்துப் பூட்டச் சொன்னேன். வாங்கிக் கொடுக்க ஒன்று, பெட்டியில் வைத்துக் காட்ட ஒன்று, குப்பையைச் சலிக்க ஒன்று. ஒன்று கெட்டால் எது கெட்டது என்று தெரியும். உனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே பொதியாக வருகிற ஒன்றை எடுத்தாய். கலர் கலராக வட்டங்கள், பச்சை விளக்கு, ஒரு கிளிக்கில் புதிய முகவரி. அப்பாவுக்கு அந்தப் பச்சை விளக்கைக் காட்டினாய். அவர் கடையில் வேலை செய்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கடையின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தாய். யாரோ எங்கிருந்தோ உள்ளே புகுந்து நம் கடைப் பெயரில் ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மற்ற சர்வர்கள் நம் முகவரியையே ஒதுக்கிவிட, திருநெல்வேலிப் பார்ட்டிகளுக்கு அப்பா அனுப்பிய ஒரு மெயிலும் போய்ச் சேரவில்லை. நீ அப்பாவிடம் சொன்னது, "இன்டர்நெட் கம்பெனிக்காரன் சரியில்லப்பா." அவர் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். உன்னைக் கடையில் நிற்க வைத்து, ஒவ்வொரு பார்ட்டியையும் எல்லோர் முன்னாலும் நீயே போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கும்படி செய்தார். காது சிவக்க நின்றாய். நான் தடுக்கவில்லை. இன்றும் தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தப்பை மறைக்கக் கூடாது என்று நீ கற்றுக்கொண்டிருப்பாய் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். நீ கற்றுக்கொண்டது, தடம் வைக்கக் கூடாது என்பதை.

இப்போது செவிலியர் நிறுவனத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் பெண்களைத் தயார்செய்து அனுப்புகிற இடம். அங்கே படிக்கிற ஒவ்வொருவருக்கும் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு மெயில் முகவரி. விண்ணப்பம், நேர்காணல், வேலை உத்தரவு எல்லாம் அதற்குத்தான் வரும். அந்த சர்வரைப் போட்டுக் கொடுத்தது நீ. எதை எடுக்கலாம் என்று அன்றும் கேட்டாய், அன்றும் நான் தனித்தனியாகச் சொன்னேன், அன்றும் நீ பொதியைத்தான் எடுத்தாய். நிறுவனத்தின் தலைமை மேடத்துக்குக் காட்ட டாஷ்போர்டு வேண்டும் என்றாய். காட்டுகிற நாளில் அவர் பெட்டியில் லாட்டரிப் பரிசு மெயில் ஒன்று வந்து விழ, அவர் முகம் சுளித்தார். இதையெல்லாம் சாப்பிடும்போது நீயே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய். "அதுக்கப்புறம் ஒரு குப்பையும் வராத மாதிரிப் பண்ணிட்டேம்மா. மேடம் ஃபுல் ஹாப்பி." எப்படிப் பண்ணினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. உனக்கு அந்த வேலை தெரியும் என்றுதான் நினைத்தேன்.

சுகந்தியின் அப்பா தங்கராசு போனக்காட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அவள் நர்சிங் முடித்து, இங்கே ஆஸ்டலில் தங்கி, ஆங்கிலத் தேர்வைத் தேறி, அயர்லாந்தில் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் காத்திருந்தாள். மலையில் சிக்னல் கிடைக்காது. தினமும் பஸ் பிடித்து விதுரைக்கு இறங்கி வந்து, கடைத்தெருவில் நின்று மெயில் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போவாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவளே மருத்துவமனைக்குப் போன் பண்ணினாள். நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கி எப்போதோ அனுப்பிவிட்டோம், உங்கள் சர்வர் பெற்றுக்கொண்டதாகச் சொன்னது, நீங்கள் பதில் போடவில்லை என்றார்கள். அவள் அழுததைக் கேட்டு அங்கே இருந்த பெண்மணி இரக்கப்பட்டிருக்கிறாள். தவறு உங்கள் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில்தான் என்று அவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், இடத்தை இன்னும் ஒன்றிரண்டு நாள் பிடித்து வைக்கப் பார்க்கிறேன் என்றாளாம். சுகந்தி மேடத்திடம் ஓடினாள். மேடம் உன்னைக் கேட்டார். "டெலிவரி ஆயிருக்கு மேடம், அந்தப் பொண்ணுதான் டெலீட் பண்ணியிருக்கும்" என்றாய். மேடம் அவளை வகுப்பில் மற்றப் பெண்கள் முன்னால் திட்டி அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளுமாக நம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். உனக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது உன் நினைவிலிருந்து வேறாக இருக்கும், அதனால் எழுதுகிறேன். நீ கேட்டைத் திறக்கவில்லை. இந்தப் பக்கம் நின்றே பேசினாய். நான் முன்னறை ஜன்னலுக்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் நல்ல வெள்ளைச் சட்டை போட்டு, கையில் தேயிலைப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தார்.

"சாரே, பிள்ளை தினமும் இறங்கி வந்து பாத்துச்சு. நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு வரி எழுதித் தந்தா போதும்னு சொல்றாங்க. நீங்க மனசு வச்சா நடக்கும்."

"மெயில் வந்திருக்கு. சர்வர் வாங்கியிருக்கு. அதை அவங்களே சொல்றாங்க. அப்புறம் நான் என்ன எழுதித் தரது?"

"நான் டெலீட் பண்ணல சார்" என்றாள் அவள்.

"பின்னே? பறந்து போச்சா? ஃபோன்ல விரல் தெரியாம பட்டாலே போயிரும். எஸ்டேட்ல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் முதல்லயே சொல்லிக் குடுக்கணும்னு மேடத்துகிட்ட நான் அப்பவே சொன்னேன்."

தங்கராசு உன்னைப் பார்த்தார். நம் வீட்டைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலை நீ பார்க்கவில்லை, நீ அதற்குள் உள்ளே நடக்கத் தொடங்கிவிட்டாய். நான் பார்த்தேன். "ஏம்மா, நெசமாவே பாத்தியா? சத்தியமாச் சொல்லு" என்றார். நடுத்தெருவில், பெற்ற அப்பா. அவர் கையிலிருந்த பொட்டலத்தை நம் கேட் மேல் வைத்துவிட்டு, மகளை முன்னால் விட்டு, மேட்டுக்கடைப் பக்கம் நடந்தார்.

நீ இட்லிக்கு உட்கார்ந்தாய். நான் எதிரே வந்து நின்று கேட்டேன். "குப்பைன்னு தோணுற மெயிலை என்ன செய்யச் சொல்லி வச்சிருக்கே? திருப்பி அனுப்பவா, தனியா எடுத்து வைக்கவா, விழுங்கவா?"

"விழுங்கத்தான்."

"வாங்கிட்டேன்னு சொல்லிட்டா?"

"ஆமா. திருப்பி அனுப்பினா அனுப்புனவன் கூப்பிட்டுக் கத்துவான். தனியா வச்சா மேடம் தினமும் கூப்பிட்டு இதை எடு, அதை எடும்பாங்க. விழுங்கிட்டா ஒரு போனும் வராது. ஒரு குழப்பமும் இல்லல்லோ."

"அப்போ அந்தப் பிள்ளைக்கு வந்தது?"

"போயிருக்கும். ஏதோ லிங்க், ஜிப் ஃபைல், உடனே பதில் போடுன்னு எழுத்து. பாத்தா குப்பை மாதிரிதான் இருந்திருக்கும்."

"அவங்க வாசல்ல நிக்கும்போதே உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம பின்னே?" என்றாய். சட்னியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாய்.

மகனே, என் வேலைக் காலத்தில் முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறிகளைப் பார்த்திருக்கிறேன். சர்வரைத் தப்பாகப் பூட்டி ஒரு துறையின் மெயிலையே தொலைத்தவன் ஒருவன் என் முன்னால் கதறி அழுதிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, உன் விரல் பட்டுப் போயிருக்கும் என்றாய். ஒரு வரி எழுதிக் கொடு என்று நான் கேட்டேன். உனக்கு வேலை தரவிருந்த கொச்சிக் கம்பெனி அந்த வாரம்தான் உன்னைப் பற்றி மேடத்திடம் விசாரிக்கப் போகிறது, இப்போது போய் என் தப்பு என்று எழுதிக் கொடுக்க எனக்குப் பைத்தியமா என்றாய். "அவ அடுத்த பேட்ச்ல போவா. விடும்மா. நர்சுக்கா பஞ்சம்?" என்றாய். தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனாய். நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பது அன்றைக்கு எனக்கு ஒரு தகவல் மாதிரித்தான் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை நான் அந்த நிறுவனத்துக்குப் போனேன். மேடம் முதலில் நம்பவில்லை. தாயும் மகனும் ஏதோ சண்டை, அதற்குத் தன்னை இழுக்கிறார்கள் என்று நினைத்தார். "சேச்சி, நிங்ஙளுடே மோனல்லே?" என்றார். உங்கள் மகன்தானே என்று. ஆமாம், அதனால்தான் வந்தேன் என்றேன். மருத்துவமனை அனுப்பிய அந்த மெயிலின் நகல் ஒன்றைச் சுகந்தி தன் தோழியின் முகவரிக்கு வாங்கி வைத்திருந்தாள். அதே எழுத்து, அதே லிங்க், அதே ஃபைல். வகுப்பிலிருந்த அந்தத் தோழியிடம் கேட்டு வாங்கி, மேடத்தின் சொந்தப் போனிலிருந்தே அதைச் சுகந்தியின் பெட்டிக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். போய்விட்டது என்று போன் சொன்னது. நிறுவனத்துக் கம்ப்யூட்டரில் சுகந்தியின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது, ஆறியது. பெட்டியில் ஒன்றும் வரவில்லை. திரும்பியும் ஒன்றும் வரவில்லை. மேடம் இன்னொரு முறை அனுப்பினார். பிறகு தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வகுப்பில் பெண்கள் ஆங்கிலத்தில் நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ இதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்களோடது போயிருக்கும் சேச்சி?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். சர்வரின் வட்டில் இடம் மிச்சம் பிடிக்க, வந்து போனதைக் குறித்து வைக்கும் லாக் வைப்பதையும் நீ நிறுத்தியிருந்தாய். விழுங்கியது எத்தனை, யாருடையது என்று இனி யாருக்கும் தெரியாது. வேலை கிடைக்கவில்லை, நமக்குத் தகுதியில்லை என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போன பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கு யாரும் போய்ச் சொல்லப் போவதில்லை. நீ ராத்திரி நன்றாகத் தூங்குவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடம் அந்த ஒரு வரியை அங்கேயே எழுதி அனுப்பினார். அன்று மாலையே பதில் வந்தது. இடம் காலையில்தான் இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டதாம். வருந்துகிறோம், மறுபடி ஆள் எடுக்கும்போது புதிதாக விண்ணப்பியுங்கள் என்று. காலையில்தான். முந்தின நாள் நீ இட்லி தின்ற நேரத்தில் அந்த வரியை எழுதியிருந்தால் அவள் இன்று அங்கே இருந்திருப்பாள்.

இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனக்காட்டுக்குப் போனேன். நெடுமங்காடு, விதுரை, அப்புறம் மலை ஏறும் பஸ். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் கதவருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தங்கராசிடம் சொன்னேன். உங்கள் பிள்ளை பொய் சொல்லவில்லை, என் பிள்ளைதான் பொய் சொன்னான், தெரிந்தே சொன்னான் என்றேன். அவர் மகளைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. இடம் போய்விட்டது என்பதையும் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஆண்டி, நீங்க இவ்வளவு தூரம் வந்து சொன்னதே போதும்னு நான் சொல்லணும்னு நினைக்கிறீங்களா? எனக்கு அப்படித் தோணல" என்றாள். "வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். அப்பா அன்னைக்கு ரோட்டுல வச்சு ஒரு கேள்வி கேட்டாருல்ல. சின்ன வயசுல இருந்து ஒரு தடவைகூட அவரு என்னை அப்படிக் கேட்டதில்ல. அதை உங்க மகன் கேக்க வச்சாரு. அதை நீங்க எப்படித் திருப்பித் தருவீங்க?"

பஸ் வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் டீ கொடுத்தாள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் நீ கூடத்தில் நின்றுகொண்டிருந்தாய். மேடம் உன்னைக் கூப்பிட்டு வேலையை விட்டு நீக்கியிருந்தார். கொச்சிக்காரர்களிடம் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டேன், சின்னப் பையன், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். "எவளோ ஒருத்திக்காக என்னைக் காட்டிக் குடுத்தியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கத்தினாய். பக்கத்து வீட்டில் டிவியை அணைத்தார்கள். "அப்பா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?" என்றாய். அப்பா இருந்திருந்தால் உன்னைப் போனக்காட்டு லயத்தில் வீடு வீடாக நிற்க வைத்திருப்பார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. "போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். நீ சாப்பிடாமல் போனாய். எனக்கு அன்று நன்றாகப் பசித்தது. சாப்பிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தொழிலில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை, உன்னையும் ஏமாற்ற மாட்டேன்.

மெயிலை வாங்கவும் கொடுக்கவும் போஸ்ட்ஃபிக்ஸ் போடு. பழையது, பலர் அடிபட்டுப் பார்த்தது, கெட்டால் என்ன கெட்டது என்று நேராகச் சொல்லும். பெட்டிக்கு டவ்காட். போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதிலாக எக்ஸிமும் நல்லதுதான், அதில் எந்த விதியையும் எப்படி வேண்டுமானாலும் வளைத்து எழுதலாம். அதனாலேயே அது உன் கைக்கு வேண்டாம். குப்பை என்று நிச்சயமாகத் தெரிவதை வாசலிலேயே மறுத்துவிடு. அனுப்பியவருக்கு அப்போதே தெரிய வேண்டும். சந்தேகமானதைப் பெட்டியிலேயே தனி ஃபோல்டரில் வை, உரியவர் பார்த்துக்கொள்வார். பெற்றுக்கொண்ட எதையும் தூக்கி எறியாதே. லாக்கை மாதக்கணக்கில் வைத்திரு. வட்டு நிறைந்தால் பெரிய வட்டு வாங்கு. சர்வரைப் பற்றிப் புகார் எழுதுகிறவர்களுக்கு ஒரு முகவரி வை, அதை ஒரு மனிதர் தினமும் திறந்து படிக்க வேண்டும். நகல் எடுத்து வைப்பதோடு நிற்காதே, அந்த நகலிலிருந்து ஒரு பெட்டியைத் திரும்ப எழுப்பிப் பார். எந்த சாஃப்ட்வேரையும் அது நன்றாக ஓடுகிற நாளில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. வேண்டுமென்றே கெடுத்துப் பார். நெட்டைப் பிடுங்கு, வட்டை நிரப்பு, தப்பான முகவரிக்கு அனுப்பு. அது என்ன சொல்கிறது என்று கேள். ஒன்றும் சொல்லாமல் பச்சை விளக்கைக் காட்டினால் அதை எடுக்காதே.

இவ்வளவும் ஒரு புதியவன் வந்து கேட்டால் நான் சொல்லும் பதில். உனக்கு என் பதில் வேறு. நீ சொந்தமாக மெயில் சர்வர் நடத்தாதே. எதையும் போடாதே. பெரிய நிறுவனங்கள் கட்டணத்துக்கு இந்தச் சேவையை விற்கின்றன, வாங்கிக்கொள். அங்கே உனக்குத் தெரியாத யாரோ உன்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். அறிவு போதாது என்று சொல்லவில்லை. என்னைவிட நீ வேகம், என்னைவிட உனக்கு நிறையத் தெரியும். மற்றவர்களுக்கு வருகிற கடிதத்தை உன் கையில் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். இதை உன் கொச்சி முதலாளியும் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் நானாகப் போக மாட்டேன், அந்த அளவுக்கு நீ எனக்கு மகன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. காலையில் எழுந்து, நடந்துவிட்டு வந்து, காப்பி குடித்துவிட்டு, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி ஒன்று மட்டும் மிச்சம். ஊருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வா. சுகந்தி இப்போது என்னோடு இருக்கிறாள். பகலில் இங்கே ஒரு கிளினிக்கில் வேலை, மற்ற நேரத்தில் மறுபடி விண்ணப்பத்துக்குப் படிப்பு. உன் அறையைக் கொடுத்திருக்கிறேன். உன் சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், மழைக்காலத்துக்குள் எடுத்துக்கொள். தங்கராசு மாதத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். வந்தால் அவள் பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறார். கேட் சாவி அவளிடம்தான் இருக்கிறது. நீ வந்து நின்றால் திறப்பதா வேண்டாமா என்று அவளிடமே கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் ஆண்டி" என்றாள். இன்னும் சொல்லவில்லை. நான் அவளை அவசரப்படுத்தப் போவதில்லை.

அம்மா